முழங்காலுக்கு ஒரு தூக்குக்குண்டு

சுவர் எழுப்பும் கொத்தனாரின் கையில் தூக்குக்குண்டு இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நூலின் முனையில் தொங்கும் அந்தச் சிறிய குண்டு, சுவர் நேராக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதை ஒரு நொடியில் சொல்லிவிடும். சாய்ந்த சுவர் கட்டிய அன்றே விழுந்துவிடுவதில்லை. சில ஆண்டுகள் நின்று, ஒரு பக்கத்து அடித்தளம் அமுங்கி, பிறகுதான் வெடிப்புக் காட்டும். தேய்ந்துபோன முழங்காலில் செயற்கை மூட்டைப் பொருத்தும் மருத்துவர்களுக்கும் இதே கவலை உண்டு. அவர்களும் ஒரு நேர்கோட்டைத் தேடினார்கள், கண்டார்கள், முப்பது ஆண்டுகள் அதை நம்பினார்கள். பிறகு அந்தக் கோடே சரிதானா என்ற ஐயம் எழுந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

முதலில் நம் ஊர்க் கால்களைப் பார்ப்போம். தென்காசி மாவட்டத்தின் கிழக்கே, கரிசல் காட்டு நடுவே உள்ளது திருவேங்கடம். அங்கே பஸ்ஸை விட்டு இறங்கும் வயதானவர்களின் நடையைச் சற்றே கவனியுங்கள். சிலருடைய கால்கள் வில் போல வெளிப்பக்கமாக வளைந்திருக்கும். இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நின்றால், இரு முழங்கால்களுக்கும் இடையே ஒரு கை நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் வெளியே ஒதுங்கி, உடல் பக்கவாட்டில் ஆடும். குத்துக்காலிட்டுக் களையெடுத்தவர்களும், சம்மணமிட்டுத் தீப்பெட்டி ஒட்டியவர்களும் இவர்களில் இருப்பார்கள். வேலைதான் காரணம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வயது, உடற்பருமன், பரம்பரை, பழைய காயம் எல்லாம் இதில் சேர்கின்றன. ஆனால் வளைவு ஒருமுறை தொடங்கிவிட்டால் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் என்பது உறுதி.

ஏன்? ஒற்றைக் காலில் நின்று பாருங்கள். நடக்கும்போது பாதி நேரத்துக்கு மேல் நாம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். அப்போது உடலின் எடைமையம், ஊன்றிய முழங்காலுக்கு நேர் மேலே இருப்பதில்லை. அதற்கு உட்புறமாக, உடலின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது. எனவே நேரான காலிலும்கூட முழங்காலின் உட்பாதி, வெளிப்பாதியைவிட அதிகச் சுமையைத் தாங்குகிறது. கால் வெளியே வளைந்தால் உட்பாதியின் பங்கு மேலும் கூடுகிறது. கூடினால் அங்குள்ள குருத்தெலும்பு தேய்கிறது. தேய்ந்தால் அந்தப் பக்கம் தாழ்ந்து, வளைவு இன்னும் அதிகமாகிறது. ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பை அணிந்து நடந்தால், அந்தப் பக்கமே மேலும் மேலும் தேய்வதைப் போல.

சுமை என்றதும் உடல் எடை மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். மூட்டு நிலையாக நிற்பதற்காகத் தசைகள் இழுக்கும் இழுப்பும் மூட்டின்மீதே விழுகிறது. பெர்லின் நகர ஆய்வாளர்கள், விசையை அளக்கும் கருவியையே செயற்கை மூட்டுக்குள் வைத்து, நோயாளிகள் நடக்கும்போது கம்பியில்லா முறையில் அளவுகளைப் பெற்றார்கள். 2010 இல் வெளிவந்த அவர்களுடைய கணக்குப்படி, சமதரையில் நடக்கும்போது முழங்காலில் விழும் விசை உடல் எடையைப்போல் ஏறத்தாழ 2.6 மடங்கு, மாடிப்படி இறங்கும்போது ஏறத்தாழ 3.5 மடங்கு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் படியிறங்கும்போது அவருடைய ஒரு முழங்கால் 200 கிலோவுக்கு மேல் சுமக்கிறது! நெல் மூட்டை கணக்கில் நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள்.

தந்தத்தில் தொடங்கிய கதை

தேய்ந்த மூட்டை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்கலாம் என்று துணிந்தவர்களில் முதல்வர் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர். 1890 ஆம் ஆண்டு பெர்லினில், யானைத் தந்தத்தால் செய்த கீலை அவர் முழங்காலில் பொருத்தினார். எலும்புடன் அதை ஒட்டவைக்க ஒருவகைப் பிசினையும் நுரைக்கல் பொடியையும் கலந்து பயன்படுத்தினார். அவர் தேர்ந்தெடுத்த நோயாளிகளோ காசநோய் மூட்டில் புகுந்தவர்கள். நோய்க்கிருமி அங்கேயே இருந்ததால் மூட்டுகள் சீழ்பிடித்துத் தோற்றன. கருத்து நல்லது, இடம் கெட்டது என்றுதான் சொல்லவேண்டும். அதன்பின் அறுபது ஆண்டுகள் இத்துறையில் பெரிதாக எதுவும் நடக்கவில்லை.

1951 இல் சுவீடன் நாட்டு வால்டியஸும், 1954 இல் இங்கிலாந்தின் ஷியர்ஸும் மீண்டும் கீல் வடிவத்தையே கையில் எடுத்தனர். முழங்காலைக் கதவுக்கீல் போன்றது என்று எண்ணுவது எளிது. நீட்டலாம், மடக்கலாம், அவ்வளவுதானே? இல்லை. 1836 ஆம் ஆண்டிலேயே வெபர் சகோதரர்கள் என்ற ஜெர்மன் அறிஞர்கள், முழங்கால் மடங்கும்போது தொடை எலும்பின் முனை கீழ்க்கால் எலும்பின்மீது உருளவும் செய்கிறது, வழுக்கவும் செய்கிறது என்று கண்டு எழுதியிருந்தார்கள். மடங்கும்போது கீழ்க்கால் சற்றே திருகவும் செய்கிறது. கதவுக்கீலுக்குத் திருகத் தெரியாது. நடையில் எழும் திருகுவிசை முழுவதும், கீலை எலும்புடன் இணைக்கும் தண்டில் போய் விழுந்தது. தண்டு எலும்புக்குள் ஆடத் தொடங்கியது. மண்ணில் நட்ட கம்பத்தைத் தினமும் பிடித்து முறுக்கினால் என்ன ஆகுமோ அதுதான் நடந்தது.

இந்தப் பாடத்தை நன்கு உணர்ந்தவர் கனடாவைச் சேர்ந்த ஃபிராங்க் கன்ஸ்டன். அவர் மருத்துவர் மட்டுமல்லர், பொறியியலும் கற்றவர். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில், இடுப்பு மூட்டு மாற்றத்தில் உலகப் புகழ்பெற்ற ஜான் சார்ன்லியிடம் பயிற்சி பெற்றார். எலும்புச் சிமெண்டும், கடினமான பாலித்தீன் பிளாஸ்டிக்கும் அங்கே இடுப்பு மூட்டில் வெற்றி கண்டிருந்தன. அவற்றையே முழங்காலுக்குக் கொண்டுவந்தார் கன்ஸ்டன். 1968 இல் அவர் பொருத்திய மூட்டில் கீலே கிடையாது. அரைவட்ட உலோகத் தகடுகள் பிளாஸ்டிக் தடங்களில் உருண்டு வழுக்கின. மூட்டைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பு நோயாளியின் சொந்த இணைப்பு நார்களுக்கே விடப்பட்டது. லண்டனில் ஃபிரீமன் என்ற மருத்துவரும் ஸ்வான்சன் என்ற பொறியாளரும் 1970 வாக்கில் இன்னொன்றைச் சேர்த்தனர். கால் நீட்டியிருக்கும்போதும் மடங்கியிருக்கும்போதும் எலும்புகளுக்கிடையே உள்ள இடைவெளி சமமாக இருக்கவேண்டும், இருபக்க நார்களும் ஒரே அளவு இறுக்கமாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் விதி. கட்டிலுக்குக் கயிறு பின்னுபவர் இருபக்கமும் இழுத்துப் பார்த்துச் சரிசெய்வது போன்ற வேலை இது.

1974 இல் நியூயார்க் நகரின் தனிச்சிறப்பு அறுவை மருத்துவமனையில், இன்சால், ரானாவத், வாக்கர் ஆகிய மூவர் உருவாக்கிய மூட்டு வந்தது. தொடை எலும்பின் முனையைக் கோபால்ட்–குரோமியம் உலோக உறை மூட, கீழே பாலித்தீன் தட்டு அதைத் தாங்கியது. இன்று உலகெங்கும் பொருத்தப்படும் முழங்கால்களில் பெரும்பாலானவை இதன் வழிவந்தவையே. மூவரில் சித்தரஞ்சன் ரானாவத், மத்தியப் பிரதேசத்தில் பிறந்து இந்தூரில் மருத்துவம் பயின்றவர். 2000 ஆம் ஆண்டு அக்டோபரில் பிரதமர் வாஜ்பாயியின் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் செயற்கை மூட்டுப் பொருத்தியவர் அவரே. 'முழங்கால் மாற்று ஆபரேஷன்' என்ற சொல்லை இந்நாட்டில் பலரும் அறிந்தது அந்த நாட்களில்தான்.

மூன்று பாகை எங்கிருந்து வந்தது?

நல்ல மூட்டு கையில் இருந்தும் சில நோயாளிகளுக்குச் சீக்கிரமே தளர்ந்துபோனது. ஏன் என்று தேடியவர்கள், மூட்டின் வடிவத்தைவிட அது வைக்கப்பட்ட கோணத்தில் காரணத்தைக் கண்டார்கள். 1977 இல் அமெரிக்காவின் லாட்கே, எக்கர் இருவரும், மூட்டு சரியான நிலையில் அமைந்ததற்கும் நோயாளி நலமடைந்ததற்கும் தொடர்பு இருப்பதை எக்ஸ்ரே படங்களைக் கொண்டு காட்டினர்.

சரியான நிலை என்பது எது? இங்கேதான் நம் தூக்குக்குண்டு வருகிறது. இடுப்பு மூட்டின் பந்து போன்ற பகுதியின் நடுப்புள்ளியிலிருந்து, கணுக்காலின் நடுப்புள்ளி வரை ஒரு நேர்கோடு வரையுங்கள். பெல்ஜியம் நாட்டு மருத்துவர் பால் மாக்கே முழங்காலில் விழும் விசைகளை விரிவாக ஆராய்ந்தவர் என்பதால் இதை மாக்கே கோடு என்பார்கள். (பதினேழாம் நூற்றாண்டில் பொரெல்லி லத்தீனில் எழுதிய விலங்குகளின் இயக்கம் பற்றிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் இதே மாக்கேதான்.) இக்கோடு முழங்காலின் நடுவே சென்றால் சுமை இருபக்கமும் ஓரளவு பரவும். இதற்காக, தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இந்த அச்சுக்குச் செங்குத்தாக வெட்டிப் பொருத்த வேண்டும் என்பது இன்சால் வகுத்த வழி.

இப்போது கையில் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 80 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம், முழங்கால் சரிபாதியில் இருக்கிறது. கால் 3 பாகை வெளியே வளைந்திருந்தால், மேற்பாதியும் கீழ்ப்பாதியும் மாக்கே கோட்டுடன் தலைக்கு ஒன்றரைப் பாகைக் கோணம் அமைக்கும். ஒன்றரைப் பாகையின் சைன் மதிப்பு 0.026. அதை 40 ஆல் பெருக்கினால் 1.04 செ.மீ. அதாவது சுமைக்கோடு முழங்காலின் நடுவிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உள்ளே விலகிவிட்டது. கீழ்க்கால் எலும்பின் மேல்தட்டு சுமார் 7 செ.மீ. அகலம். அதை மூன்று பங்காக்கினால், நடுப்பங்கின் எல்லை மையத்திலிருந்து 1.17 செ.மீ. தூரம். 3 பாகை வரை கோடு நடுப்பங்குக்குள்ளேயே நிற்கிறது. 4 பாகையானால் 1.4 செ.மீ. விலகி எல்லையைத் தாண்டிவிடுகிறது. பள்ளிக்கூடத்துக் கோணகணிதம் ஒரு மருத்துவ விதியை எவ்வளவு அழகாக விளக்கிவிடுகிறது பாருங்கள்!

இது வெறும் காகிதக் கணக்கன்று. 1991 இல் இங்கிலாந்தின் ஜெஃப்ரி, மாரிஸ், டென்ஹாம் மூவரும் 115 முழங்கால்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த முடிவை வெளியிட்டனர். மாக்கே கோடு நடுப்பங்கில் சென்ற முழங்கால்களில் 3 விழுக்காடுதான் தளர்ந்திருந்தன. நடுப்பங்குக்கு வெளியே சென்றவற்றில் 24 விழுக்காடு தளர்ந்திருந்தன. எட்டு மடங்கு வேறுபாடு! அன்றிலிருந்து 'இருபக்கமும் 3 பாகைக்குள்' என்பது மருத்துவர்களின் வேதமாகிவிட்டது.

ஆனால் ஆபரேஷன் மேஜையில் 3 பாகையைக் கைப்பிடிப்பது எளிதா? 7 செ.மீ. அகலமுள்ள எலும்பை வெட்டும்போது 3 பாகைப் பிழை என்பது ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 3.7 மி.மீ. வித்தியாசம்தான், வாள் பட்டையின் இரண்டு மூன்று கனம். இடுப்பு மூட்டோ துணிகளுக்கும் தசைக்கும் அடியில் மறைந்திருக்கிறது. ஆகவே தொடை எலும்பின் உட்குழலில் ஒரு நீண்ட கம்பியைச் செலுத்தி, அதிலிருந்து 5 முதல் 7 பாகை விலக்கி வெட்டுவார்கள். எலும்புத் தண்டின் திசைக்கும் சுமையச்சுக்கும் பெரும்பாலோரிடம் அவ்வளவுதான் வேறுபாடு என்பது இதன் அடிப்படை. நம் நாட்டினரிடம் இது எப்போதும் பொருந்துவதில்லை. தொடை எலும்பே வில்லாக வளைந்திருந்தால் இந்த வேறுபாடு கூடிவிடும். மும்பையின் அருண் முல்லாஜி குழுவினர் வளைந்த ஆசிய முழங்கால்களை ஆராய்ந்து இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே 6 பாகை என்று வைத்து வெட்டினால் வளைந்த தொடையுள்ளவருக்குக் கோடு தவறிவிடும். முழங்காலை மட்டும் காட்டும் சிறிய எக்ஸ்ரே படத்தில் இது தெரியவே தெரியாது.

1997 இல் பிரான்ஸ் நாட்டுக் கிரனோபிள் நகரில் சரகாக்லியா குழுவினர் கணினியைத் துணைக்கு அழைத்தனர். எலும்பில் குறிகளைப் பொருத்தி, காலைச் சுழற்றும்போது அவை நகரும் பாதையைக் காமிராவால் கவனித்து, இடுப்பின் மையத்தைக் கணினி கணக்கிட்டுச் சொல்லிவிடும். பிறகு எலும்பை வெட்டும் ரோபோக் கைகளும் வந்தன. கோணப் பிழைகள் குறைந்தன என்பதில் ஐயமில்லை.

முன்பக்கத்திலிருந்து பார்க்கும் கோணம் ஒன்றே எல்லாமும் அன்று. உலோக உறையைத் தொடை எலும்பில் உட்புறமாகத் திருகி வைத்துவிட்டால், முட்டிச்சில்லு தன் பள்ளத்தில் ஓடாமல் வெளியே விலகும். நோயாளி முன்முட்டியில் வலி என்பார். எக்ஸ்ரேயில் கால் நேராகவே தெரியும். 1998 இல் அமெரிக்காவின் பெர்கர் குழுவினர் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உட்திருகல் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சில்லுத் தொல்லையும் அதிகம் என்று காட்டினர்.

கோட்டின்மீது எழுந்த ஐயம்

2010 இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. 398 முழங்கால்களைப் பதினைந்து ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்திருந்தார்கள். 3 பாகைக்குள் அமைந்த 292 இல் 15.4 விழுக்காட்டுக்கு மறு அறுவை தேவைப்பட்டது. எல்லை தாண்டிய 106 இல் 13 விழுக்காட்டுக்குத்தான் தேவைப்பட்டது! 1991 இன் எட்டு மடங்கு எங்கே போனது?

இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குகின்றன என்று நான் கருதவில்லை. இடையே பிளாஸ்டிக் மேம்பட்டது. பொருத்தும் முறையும் மேம்பட்டது. சற்றுக் கோணல் இருந்தாலும் தாங்கிக்கொள்ளும் ஆற்றல் மூட்டுக்கு வந்துவிட்டது. எல்லை தாண்டியவற்றில் பெரும்பாலானவை சிறிதளவே தாண்டியவை. 2011 இல் ரிட்டர் குழுவினர் 6070 முழங்கால்களை ஆராய்ந்தபோது, கோணல் மூட்டுகளில் தோல்வி கூடுவதையே கண்டனர். ஒரு பாகத்தில் நேர்ந்த கோணலை இன்னொரு பாகத்தைக் கோணலாக வைத்து ஈடுகட்டி, மொத்தத்தில் காலை நேராக்கினாலும் பயனில்லை என்றும் அவர்கள் காட்டினர். மூட்டுக்குள் கருவி வைத்து அளந்தவர்களும், கால் ஒரு பாகை வெளியே வளைந்தால் உட்பாதியின் சுமை ஏறத்தாழ 5 விழுக்காடு கூடுகிறது என்று 2012 இல் எழுதினார்கள். எந்திரவியல் பொய்யாகிவிடவில்லை.

கேள்வி வேறு இடத்திலிருந்தும் வந்தது. அதே 2012 இல் பெல்ஜியத்தின் பெல்லெமன்ஸ் குழுவினர், மூட்டுவலியே அறியாத 250 இளைஞர்களின் கால்களைப் படமெடுத்தனர். ஆண்களில் 32 விழுக்காட்டினருக்கும் பெண்களில் 17 விழுக்காட்டினருக்கும், 3 பாகையோ அதற்கு மேலோ இயற்கையிலேயே வெளிவளைவு இருந்தது. அப்படியானால் இருபது வயதில் 4 பாகை வளைந்த காலுடன் ஓடியாடிய ஒருவருக்கு, அறுபத்தைந்து வயதில் சுழிப்பாகையாக நேராக்கிக் கொடுப்பது வைத்தியமா, மாற்றமா? அவருடைய நார்களெல்லாம் வளைந்த காலின் அளவுக்கு வளர்ந்தவை. நேராக்குவதற்காக உட்பக்க நார்களைத் தளர்த்தவேண்டி வருகிறது. கனடாவில் 1703 நோயாளிகளிடம் கேட்டு 2010 இல் வெளியிட்ட ஆய்வில், 19 விழுக்காட்டினர் தங்களுக்கு முழு நிறைவு இல்லை என்றார்கள். மூட்டு தளரவில்லை, ஆனால் 'இது என் கால் மாதிரி இல்லை' என்ற உணர்வு. இதற்கு விடையாகக் கலிபோர்னியாவின் ஹவல் 2006 முதலே வேறொரு வழியைப் பின்பற்றி வந்தார். தேய்வதற்கு முன் மூட்டின் பரப்பு எங்கே இருந்ததோ, அங்கேயே உலோகத்தை வைப்பது. கால் வளைந்ததானால் வளைந்தபடியே விட்டுவிடுவது. நேர்கோட்டு முறையையும் இதையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் சில இதற்குச் சற்று ஆதரவாகவும், சில இரண்டும் சமமே என்றும் முடிந்திருக்கின்றன. நேர்கோட்டு மூட்டுகளுக்கு இருக்கும் நீண்ட அனுபவம் இதற்கு இன்னும் இல்லை. அதற்காகத்தான் பலர் நடுவழியாக, இயற்கை வளைவை ஓர் எல்லைவரை மட்டும் அனுமதிக்கிறார்கள். எனக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

நம்மவருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மேல்நாட்டார் நாற்காலியில் வாழ்கிறார்கள். நாம் தரையில் வாழ்கிறோம். குந்தி உட்கார முழங்கால் 130 பாகைக்கு மேல் மடங்கவேண்டும். அதற்கென்றே அதிகம் மடங்கும் மூட்டுகள் செய்தார்கள். கொரியாவிலும் நம்மைப்போல் தரையில் அமரும் வழக்கம் உண்டு. அங்கே இத்தகைய 72 மூட்டுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்டபோது, 38 விழுக்காட்டில் தொடைப்பக்க உலோகம் தளர்ந்திருந்தது. குந்தி உட்கார்ந்தவர்களிடமே அது மிகுதி. ஆழமாக மடக்கும்போது சுமை உலோகத்தின் பின்முனையில் குவிகிறது. மேற்கத்திக் கழிப்பறையும் சற்று உயரமான கட்டிலும் வேண்டும் என்று டாக்டர் சொல்வது ஆடம்பரத்துக்காக அன்று.

விலையைப் பற்றியும் ஒரு சொல். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை முழங்காலின் விலைக்கு உச்சவரம்பு விதித்து, சாதாரணக் கோபால்ட்–குரோமியம் மூட்டுக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதற்கு முன் அதே மூட்டு ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் விற்றது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் இந்த அறுவை நடைபெறுகிறது. 2019 இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நீடிக்கின்றன.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாருக்காவது இந்த அறுவை என்று முடிவானால், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரே படமாக, நின்ற நிலையில் எக்ஸ்ரே எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். பாதத்தைத் திருப்பி வைக்காமல், முட்டிச்சில்லு நேர் முன்னே பார்க்கும்படி நிற்கவேண்டும். சற்றுத் திரும்பி நின்றாலும் வளைவின் அளவு மாறித் தெரியும். படம் கையில் வந்ததும் ஓர் அளவுகோலை வைத்து மாக்கே கோட்டை நீங்களே பென்சிலால் வரைந்து பார்க்கலாம். தேய்ந்த முழங்காலில் அது எவ்வளவு விலகிச் செல்கிறது என்பதைக் கண்ணால் காண்பீர்கள்.